பட்ஜெட்டில் 15,000, கையில் எவ்வளவு?

தொண்டு நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் கல்யாணத் தரகர்கள் கேட்கும் கேள்வி இரண்டே வகைதான். ஒன்று, "சம்பளம்னு ஏதாச்சும் குடுப்பாங்களா தம்பி?" இன்னொன்று, "ஃபாரின் பணமெல்லாம் வருமாமே, நல்லா சம்பாதிக்கலாமாமே?" மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கும் ஆள் எடுப்பும் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் சொல்ல இன்னமும் வரவில்லை. அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் சம்பளம் எப்படி முடிவாகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ ஆள் வேண்டுமென்றால் இன்ன வேலை, இதற்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிப்பார்கள். இங்கே முதலில் வருவது, நிதி கேட்டு எழுதும் ப்ரொபோசல். அதனோடு ஓர் எக்செல் தாள். அதில் 'களப்பணியாளர் 4 பேர், 12 மாதம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் என்ன எண்ணைப் போட்டால் நிதி தருபவர் முகம் சுளிக்காமல் இருப்பார் என்ற ஊகத்தில்தான் சம்பளம் பிறக்கிறது. வேலை செய்யப்போகிறவர் யார், அவருக்கு அனுபவம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ப்ராஜெக்ட் கைக்கு வந்த பிறகு அந்த எண்ணுக்குத் தோதான ஆளைத் தேடுவோம். ப்ராஜெக்ட் முடிகிற தேதியில் ஆளையும் அனுப்பிவிடுவோம்.

அந்த எண் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பொருந்துகிற நிறுவனம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பங்காகக் கட்ட வேண்டியது, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து பி.எஃப். பக்கம் 13 சதவீதம். இ.எஸ்.ஐ. 3.25. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) மாதாமாதம் எடுத்துவைக்க வேண்டியது 4.81. ஆக, சம்பளத்துக்கு மேல் 21 சதவீதம் சொச்சம். ப்ரொபோசல் எழுதுபவர் இதைத் தனி வரியாகப் போட மறந்துவிடுவார், அல்லது மொத்தத் தொகை பெரிதாகத் தெரியுமே என்று போடாமல் விடுவார். அப்புறம் என்ன? எல்லாவற்றையும் அந்த 15,000க்குள்ளேயே அடக்கியாக வேண்டும். கணக்குப் போட்டால் உண்மைச் சம்பளம் 12,390 ரூபாய்க்கு இறங்கிவிடும். அதிலிருந்து ஊழியரின் பங்கு 12 சதவீதமும் 0.75 சதவீதமும் கழிந்தால் கைக்கு வருவது 10,810.

நிறுவனத்தின் பங்கை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி தவறு. அதனால் நியமனக் கடிதத்திலேயே 12,390 என்று எழுதிவிடுவார்கள். விளம்பரத்தில் மட்டும் 15,000 இருக்கும். முதல் மாதச் சம்பளம் ஏறியதும் ஏ.டி.எம். வாசலில் நின்றுகொண்டு போன் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்குவது என் வேலைகளில் ஒன்று. பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதையாவது செய்கிற இடங்கள் நல்ல இடங்கள். தொகுப்பூதியம், மதிப்பூதியம், கன்சல்டன்ட் கட்டணம் என்று ஏதாவது ஒரு பெயரை வைத்துப் பி.எஃப். பேச்சையே எடுக்காத இடங்கள் நிறைய. ஊர் ஊராகப் பஸ் மாறிப் போய் மகளிர் குழு நோட்டு எழுதுகிற பெண்ணுக்குக் 'கன்சல்டன்ட்' என்று வவுச்சர் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதை எங்கள் ஆட்கள் பொதுவில் பேச மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 9,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டு 6,500 வாங்கிக்கொள்ள வேண்டும். மீதி, ஊழியர் நிறுவனத்துக்கு மனமுவந்து தரும் நன்கொடை. ரசீது உண்டு. தணிக்கையில் எல்லாம் சுத்தம். அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுதியவன் நான். அலுவலக வாடகை, இரவுக் காவலரின் சம்பளம், ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை இருந்த நான்கைந்து மாதச் செலவு. நிதி தருபவர் யாரும் தராத செலவுகள். ஆக, அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய உள்ளூர் நன்கொடையாளர்கள் அதன் களப்பணியாளர்கள்தான். ஆண்டறிக்கையில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவர்கள் பெயர் வந்ததில்லை. (இப்படிப் பிடித்த காசில் கார் வாங்கிய இடங்களும் உண்டு. அது வேறு கதை.)

இந்த இழுபறிக்கெல்லாம் வேர் 'நிர்வாகச் செலவு' என்கிற தலைப்பில் இருக்கிறது. கிணறு வெட்டினால் திட்டச் செலவு. கிணற்றுக் கணக்கை எழுதினால் நிர்வாகச் செலவு. முதலாவது புண்ணியம், இரண்டாவது வீண். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் 2010ஆம் வருட எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் அந்தப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவிட அனுமதித்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை 20 ஆக்கியது. விதிகளைப் படித்தால் பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர், ஆராய்ச்சியோ பயிற்சியோ முக்கிய வேலையாக உள்ள அமைப்பில் பயிற்சி தருபவர், களத்தில் தகவல் திரட்டுபவர் ஆகியோரின் சம்பளம் நிர்வாகச் செலவில் வராது. இயக்குநர் போன்ற முக்கியப் பொறுப்பாளர்கள், அலுவலகத்துக் கணக்காளர் ஆகியோரின் சம்பளம் வரும். 20க்குள் அடக்க வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது கணக்காளர் வேலையில்தான். முழுநேரக் கணக்காளரை அனுப்பிவிட்டு வாரத்துக்கு ஒருநாள் வருகிற பையனை வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆண்டுக் கணக்குத் தாக்கலில் பிழை வரும். பிழை வந்தால் பதிவுக்கே ஆபத்து.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. வெளிநாட்டு நிதி வாங்கிய நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு நடந்த சின்ன டிரஸ்டுகள் பல இப்படிப் பெரிய நிறுவனங்கள் பிரித்துக் கொடுத்த பணத்தில் ஓடியவை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ப்ரொபோசல் எழுதவும் தெரியாது, ஜெர்மனியில் ஆளும் கிடையாது. கொரோனாவுக்கு நடுவில் அந்த வழி அடைபட்டது. அங்கிருந்த களப்பணியாளர்கள் இன்றைக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளில் வசூலுக்குப் போகிறார்கள். அதே கிராமங்கள், அதே பெண்கள். முன்பு சேமிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் இப்போது தவணை கேட்டு நிற்கிறார்கள். சம்பளம் கூடுதல், பெட்ரோல் தனி, இன்சென்டிவ் உண்டு.

சரி, உள்நாட்டுப் பணம்? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். 2021இல் திருத்திய விதி, நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த 5 சதவீதம், சி.எஸ்.ஆர். வேலையைக் கவனிக்கக் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்துகொள்ளும் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ஆனால் நான் உட்கார்ந்த கூட்டங்களில் பாதிக்கு மேல் "உங்களுக்கு அஞ்சு பர்சன்ட்தான் சார், ரூல்ல இருக்கு" என்றுதான் ஆரம்பித்தன. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால், "எங்க ஆடிட்டர் அப்படித்தான் சொல்றாரு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்கிற மேலாளரின் சம்பளத்தில் எங்கள் களப்பணியாளர்கள் எத்தனை பேரை வைக்கலாம் என்று மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம்.

பணம் அதிகமாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் நிறுவனங்கள் வந்து இறங்கின. அத்தனை பேருக்கும் உடனே ஆள் வேண்டும்: தமிழ் பேசத் தெரிந்த, கொஞ்சம் ஆங்கிலம் எழுதத் தெரிந்த, மீனவப் பஞ்சாயத்தோடு பேசத் தெரிந்த ஆள். அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே உள்ளூர் நிறுவனங்களில் சொற்பச் சம்பளத்தில் இருந்தார்கள். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூப்பிட்டதும் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? ஊரை நன்றாகத் தெரிந்த நிறுவனங்கள் ஆள் இல்லாமலும், ஆள் கிடைத்த நிறுவனங்கள் ஊர் தெரியாமலும் தவித்த காலம் அது. சில வருடங்களில் நிதி வற்றியது, அலுவலகங்கள் மூடின. விசிட்டிங் கார்டில் 'ப்ராஜெக்ட் ஆபீசர்' என்று போட்டுக்கொண்டவர்களால் பழைய சம்பளத்துக்குத் திரும்ப முடியவில்லை. 2011 கடைசியில் தானே, 2018 நவம்பரில் கஜா என்று புயலுக்குப் புயல் வேலை மாறிப்போன ஒரு தலைமுறையே எங்கள் துறையில் உண்டு. அவர்களுடைய பயோடேட்டாவை வரிசையாகப் படித்தால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும்.

ஆள் எடுப்பதையே ஒரு வேலையாக மதித்துச் செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983இல் தீப் ஜோஷியும் விஜய் மகாஜனும் தொடங்கிய பிரதான் என்ற தொண்டு நிறுவனம், நன்றாகப் படித்த இளைஞர்களைக் கிராமத்துக்குக் கொண்டுவருவதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. சேர்ந்தவுடன் பதவி கிடையாது. ஒரு வருடம் பயிற்சி, அதில் பெரும்பகுதி கிராமத்தில். தாங்காதவர்கள் அந்த வருடத்திலேயே கிளம்பிவிடலாம். அப்படிக் கிளம்புவதைத் தோல்வியாகப் பார்க்காமல் தேர்வின் ஒரு பகுதியாகவே அவர்கள் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றும். தொண்டு நிறுவனங்களில் தொழில்முறைத் திறமையை வளர்த்ததற்காக ஜோஷிக்கு 2009இல் மகசேசே விருது கிடைத்தது. பிரதானிலிருந்து கிளைத்ததுதான் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை. 1997இல் தொடங்கிய அவர்கள் 2000ஆம் ஆண்டிலேயே டாடா அறக்கட்டளையோடு சேர்ந்து மதுரைக்குப் பக்கத்தில் டாடா-தான் அகாடமியை ஆரம்பித்து, வளர்ச்சிப் பணிக்கென்றே இரண்டு வருடப் படிப்பு நடத்தினார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை வேறு திசையில் யோசித்தது. 1976இல், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி தன் 58ஆம் வயதில் 11 படுக்கையோடு தொடங்கியது. டாக்டர் சம்பளம் பெரிய செலவு, டாக்டர்கள் கிடைப்பதும் கடினம். அதனால் பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வைப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்வது, சிகிச்சை அரங்கில் உதவுவது என்று டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலைகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. இலவசமாக இத்தனை லட்சம் பேருக்கு எப்படி முடிகிறது என்று வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்கிறார்கள். பலர் ஆன்மிகம், அர்ப்பணிப்பு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதுவும் இருக்கலாம். எனக்குப் படுவது, யார் எதைச் செய்ய வேண்டும் என்று வேலையைப் பிரித்த விதம்தான். வேறு யாரும் பயிற்சி கொடுக்கத் தயாராக இல்லாதவர்களைத் தேடிப் போனார்கள். அந்தப் பெண்களுக்கு அங்கே கிடைத்ததில் சம்பளத்தைவிடப் பெரியது ஒரு தொழில்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வழி இன்னும் பழையது. மிஷன் அமைப்புகளின் பரிந்துரையில் சேர்ந்து படிக்கும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் ஒதுக்குப்புறத்து மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருடம் பணி செய்ய வேண்டும். அந்த மருத்துவமனைகள் சந்தைச் சம்பளம் கொடுத்து ஒருநாளும் டாக்டர் வைத்திருக்க முடியாது.

இவை எல்லாம் பெரிய நிறுவனங்கள். பத்துப் பேர் இருக்கிற டிரஸ்ட் அகாடமி கட்ட முடியாது. அங்கே பயிற்சி என்றால் பட்ஜெட்டில் 'கெப்பாசிட்டி பில்டிங்' என்று ஒரு வரி, கொடைக்கானலில் இரண்டு நாள், பவர்பாயிண்ட், குரூப் போட்டோ. அதில் யாரும் எதையும் கற்றதாக எனக்கு நினைவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும்.

நான் பார்த்ததில் ஒரு பெண் களப்பணியாளரை உண்மையில் வளர்த்தது ஸ்கூட்டி. வேடிக்கையாகச் சொல்லவில்லை. பஸ்ஸை நம்பி இருக்கும்வரை அவரால் ரோட்டோரக் கிராமங்களுக்குத்தான் போக முடியும். குழுக் கூட்டமோ பெண்கள் வேலைவிட்டு வந்து சமைத்து முடித்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு. கடைசி பஸ் போய்விடும். ஒரு நிறுவனத்தில் வட்டியில்லா வண்டிக் கடன் கொடுத்தோம். மாதம் 1,000 பிடித்தம், லைசென்ஸ் எடுக்கும் செலவு நிறுவனத்தோடது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெட்ரோல் காசு. அடுத்த வருடமே அந்தப் பெண்கள் பார்க்கும் கிராமங்கள் இரண்டு மடங்காயின. வீட்டில் அவர்களுக்கு இருந்த இடமும் மாறியது. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர்கள்தான் என்று ஆனது. சம்பள உயர்வு கொடுத்தும் நிற்காதவர்கள் இதற்குப் பிறகு நின்றார்கள்.

அதற்கு மேலே ஏற முடியாமல் தடுப்பது ஆங்கிலம். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இப்படி ஓர் அக்கா இருப்பார். அறுபது, எழுபது குழுக்களின் கடன் நிலவரம் அவர் விரல்நுனியில் இருக்கும். வங்கி மேலாளரே அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்பார். ஆனால் அவர் ஒருங்கிணைப்பாளர் ஆக முடியாது, ஏனென்றால் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போக வேண்டும். அதற்காகச் சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒரு பையனை இரண்டு மடங்கு சம்பளத்தில் அவருக்கு மேலே வைப்போம். பையன் கெட்டவன் இல்லை. "அக்கா, அந்த ஊர்ல என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டு எழுதிக்கொள்வான். ஒன்றரை வருடத்தில் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவான், போகும்போது அக்கா காலில் விழுந்துவிட்டுத்தான் போவான். அடுத்தவன் வருவான். அக்கா மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். மேலதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே வேலையாகச் செய்கிற அவருக்கு அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது.

ஓர் இடத்தில் இதை மாற்றிப் பார்த்தோம். ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்க்க வெளியில் ஓர் ஆளுக்குப் பக்கக் கணக்கில் காசு கொடுப்போம் என்று முடிவு செய்து, அக்காவையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கினோம். பக்கத்துக்குக் கொடுத்த காசு ஒரு மேலாளரின் சம்பளத்தில் சின்னப் பங்குகூட ஆகவில்லை. ரிப்போர்ட்டில் வழக்கமான அலங்காரம் குறைந்து விஷயம் கூடியது. இப்போது போனிலேயே ஓரளவு மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதனால் ஆங்கிலம் தெரியாது என்ற காரணத்தை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் மேல் எனக்கு வரவர மரியாதை குறைகிறது.

பணிக்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் உழைத்து, கடைசி அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் கிடைக்க வேண்டியது 69,230 ரூபாய். இதைக் கொடுக்காமலிருக்கப் பதினொரு மாத ஒப்பந்தம், நடுவில் ஒரு மாத இடைவெளி, மறுபடி ஒப்பந்தம் என்று ஓட்டுவது ஊரறிந்த வழி. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிப்பூதியம் வாங்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கே பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் செயலாளர்கள் சிலர் எனக்குப் போன் செய்தார்கள். எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர்கள் குறைவு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்கிறது. ப்ராஜெக்ட் ஊழியர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, அறப்பணியில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டிருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, தொண்டு நிறுவனமாக இருந்தாலும் சம்பளத்துக்கு ஆள் வைத்து வேலை நடந்தால் அதையும் தொழிலாகப் பார்க்க இடம் கொடுத்திருந்தது. அந்த இடம் இப்போது குறுகிவிட்டது. காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று இத்தனை நாள் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல வாய் வராது. உரிமைக் கல்வி நடத்துகிற நிறுவனங்கள் இதைப் பற்றித் தங்கள் ஊழியர்களிடம் ஒரு கூட்டமாவது போட்டார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வந்து யோசனை கேட்கும் பிள்ளைகளிடம், நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள் என்பேன். என் சம்பளம் எந்த ப்ராஜெக்டிலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது, முடிந்தால் என்ன? எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார், அவரோடு பேசலாமா? இயக்குநர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார்?

கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பெருமையோடு பதில் வரும்: "ஐயா ஒரு பைசா வாங்குறதில்ல." அந்த ஐயாவுக்கு நிலமோ பென்ஷனோ, வேலைக்குப் போகும் மனைவியோ இருக்கும். இல்லாவிட்டால் முப்பது வருடம் எப்படி ஓடும்? இப்போது அவர்களுக்கெல்லாம் எழுபது வயது. அடுத்த ஆளைத் தேடுகிறார்கள். சம்பளமே இல்லாத அந்த நாற்காலியில் உட்கார நிலமும் பென்ஷனும் இல்லாத ஒருவரால் முடியுமா? கடைசியில் மகனோ மருமகளோ வருகிறார்கள், ஊரில் குடும்பச் சொத்து ஆக்கிவிட்டார்கள் என்று பேச்சு வருகிறது. அறங்காவலராகவே இருந்தாலும் செய்கிற வேலைக்கு நியாயமான சம்பளம் வாங்க வருமான வரிச் சட்டம் தடை சொல்லவில்லை. நியாயமான அளவைத் தாண்டினால்தான் வரிவிலக்குக்குச் சிக்கல். அதனால் தெரிந்த பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் வேலைக்கு வெளியில் ஓர் ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை இந்த வருடமே பட்ஜெட்டில் எழுதுங்கள், வாங்குங்கள். மனம் கேட்கவில்லையென்றால் முறைப்படி நன்கொடையாகத் திருப்பிக் கொடுங்கள். அந்த வரி ஐந்து வருடம் தாளில் இருந்தால் ஆறாவது வருடம் வருகிறவருக்குச் சம்பளம் கேட்பது நிதி தருபவரிடம் எளிதாக இருக்கும். இதுவரை இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தொகையை எழுதச் சொன்னதும் 15,000 என்று எழுதினார். 45,000 என்று நான் திருத்தியதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.